மூன்று மூன்றாக எண்ணிய மேதை!

குட்டீஸ், காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர் பக்கம் போயிருக்கிறீர்களா? சோழர் காலத்துக் குடவோலைத் தேர்தல் பற்றிய கல்வெட்டு இருக்கிறதே, அந்த ஊர்தான்! ஊரைத் தாண்டினால் நெல் வயல்கள். வயலோரத்தில் மோட்டார் கொட்டகை. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று விவசாயிகள் காத்திருப்பார்கள். வந்ததும் சுவிட்சைப் போட்டால் மோட்டார் சுழலும். குழாயில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டும்.

அந்த வகை மோட்டாரை உலகுக்குத் தந்தவர்களில் முக்கியமானவர், நிகோலா டெஸ்லா. இவ்வளவு பெரிய மேதை, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்குப் பயந்து பிறரோடு கை குலுக்கவே தயங்கினார் என்றால் நம்புவீர்களா?

டெஸ்லா, 1856-ஆம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி, இன்றைய குரோஷியா நாட்டில் உள்ள ஸ்மிலியான் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பாதிரியார். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் வீட்டு வேலைக்கான கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கெட்டிக்காரர். மகனும் தன்னைப் போலப் பாதிரியார் ஆக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ பொறியியல் மீது கொள்ளைப் பிரியம்.

1873-ல் டெஸ்லாவை காலரா தாக்கியது. ஒன்பது மாதம் படுத்த படுக்கை. பிழைப்பாரா என்பதே சந்தேகம்! பொறியியல் படிக்க விட்டால் ஒருவேளை பிழைத்துக்கொள்வேன் என்று அப்பாவிடம் சொன்னார் டெஸ்லா. கலங்கிப் போன அப்பா, உலகிலேயே சிறந்த கல்லூரிக்கு அனுப்புவதாக வாக்குக் கொடுத்தார். மகன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்!

காலரா எதனால் வருகிறது என்பது அந்தக் காலத்தில் பெரும்பாலான மருத்துவர்களுக்கே தெரியாது. அது ஒரு கிருமியால் வருகிறது என்பதை 1884-ல் ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் கோக், நம் கொல்கத்தாவில் ஆராய்ந்து உறுதிப்படுத்தினார். அதே 1884-ல்தான் டெஸ்லா கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்.

அங்கே எடிசனின் நிறுவனத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு விலகினார். பிழைப்புக்காகப் பள்ளம் தோண்டும் வேலை கூடச் செய்தார். மனம் தளரவில்லை. 1888-ல் மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சி, மாறுதிசை மின்சார விளக்குகளால் ஜொலித்தது. 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியில் எடுத்த மின்சாரம், தொலைவில் உள்ள பஃபலோ நகரத்துக்குப் போனது. எல்லாவற்றுக்கும் பின்னால் டெஸ்லாவின் மூளை இருந்தது.

எழுத்தாளர் மார்க் ட்வைன் அவருக்கு நண்பர். சுவாமி விவேகானந்தரும் 1896-ல் நியூயார்க்கில் அவரைச் சந்தித்தார். வெளியே பார்த்தால், நன்றாக உடுத்திய கம்பீரமான மனிதர். உள்ளேயோ ஓயாத போராட்டம்!

நடந்தால் காலடிகளை எண்ணுவார். சாப்பிட உட்கார்ந்தால், சூப் கிண்ணத்தின் கன அளவை மனதுக்குள் கணக்குப் போடுவார். போடாவிட்டால் சாப்பாடு ருசிக்காது. திரும்பத் திரும்பச் செய்யும் எந்தச் செயலும் மூன்றால் வகுபடும் எண்ணிக்கையில் முடிய வேண்டும். தவறினால், எத்தனை மணி நேரம் ஆனாலும் முதலிலிருந்து தொடங்குவார். பிறர் தலைமுடியைத் தொடமாட்டார். சாப்பாட்டு மேஜையில், தட்டையும் கரண்டியையும் துடைக்க அவருக்கு 18 துணிகள் வைப்பார்களாம். கடைசிக் காலத்தில் அவர் தங்கிய ஓட்டல் அறையின் எண் 3327. மூன்றால் வகுத்துப் பாருங்களேன்!

ஆனால் ஒன்று. கிருமிக்கு இப்படிப் பயந்தவர், அடிபட்ட புறாக்களைத் தன் அறைக்கே கொண்டுவந்து மருந்து போட்டார். பயம் நியாயம் பார்த்து வருவதில்லை, குட்டீஸ். ஓரிடத்தில் பிடித்து ஆட்டும். இன்னோரிடத்தில் காணாமல் போகும்.

இதுபோன்ற தொல்லைக்கு இன்று எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். சுருக்கமாக ஓ.சி.டி. என்பார்கள். டெஸ்லாவை அன்று எந்த மனநல மருத்துவரும் சோதித்து இந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் தன்னைப் பற்றி எழுதி வைத்ததைப் படிக்கும் பலருக்கு இந்த நோய்தான் நினைவுக்கு வருகிறது.

சாப்பிடும் முன்பும், கழிப்பறை போய் வந்த பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவுவது நல்ல பழக்கம். கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் அதைக் கற்றுக்கொண்டோம். கழுவியதும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். இந்த நோய் வந்தவர்களால் அப்படிப் போக முடியாது. கை சுத்தமாகி இருக்கும். மனம் மட்டும் நம்பாது. இன்னும் அழுக்கு இருக்கிறதோ என்று கேட்கும். மறுபடி கழுவினால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு அதே கேள்வி, முன்னை விடப் பலமாக! தோல் வெடித்துக் கை எரிந்தாலும் நிறுத்த முடியாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடும். வீட்டில் திட்டு விழும். வெளியே சொல்லவும் வெட்கம்.

இது அவர்கள் வேண்டுமென்றே செய்வது அல்ல. சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. காய்ச்சல் போல இதுவும் ஒரு நோய். இதற்குச் சிகிச்சை உண்டு. பயம் வந்தாலும் உடனே கழுவாமல், சற்றுப் பொறுத்திருக்க மருத்துவர் படிப்படியாகப் பழக்குவார். பொறுக்கப் பொறுக்க, பயம் தானாகவே தணிவது தெரியும். தேவைப்பட்டால் மருந்தும் கொடுப்பார்.

டெஸ்லாவுக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. 1943-ஆம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, தன் 86-ஆம் வயதில், அந்த 3327-ஆம் அறையில் தனியாகவே இறந்து போனார். 1960-ல் காந்தப்புலத்தை அளக்கும் அலகுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயந்திரத்தின் காந்த வலிமையை இன்றும் டெஸ்லா கணக்கில்தான் சொல்கிறார்கள். பயம் அவரை மேதை ஆக்கவில்லை. பயத்தையும் சுமந்துகொண்டு அவர் மேதை ஆனார். அந்தச் சுமையை இறக்கி வைக்க ஆள் இருந்திருந்தால், எத்தனை மணி நேரம் மிச்சமாகி இருக்கும்!

உங்களுக்கோ, உங்கள் நண்பருக்கோ இப்படி ஒரு தொல்லை இருந்தால் மறைக்காதீர்கள். அம்மா, அப்பா அல்லது ஆசிரியரிடம் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது. உத்திரமேரூர் பக்கத்துக் குக்கிராமத்திலிருந்து கூப்பிட்டாலும் தமிழிலேயே பேசலாம். வகுப்பில் யாராவது அடிக்கடி கை கழுவினால் கேலி செய்யாமல், பக்கத்தில் போய் உட்காருங்கள். செய்வீர்கள்தானே, குட்டீஸ்?