பச்சைக் கதிரவனை ஆராய்ந்தவர்

1883 செப்டம்பரில் சென்னை வானில் கதிரவன் பச்சை நிறம் பூண்டு தோன்றியது. கண்டோர் திகைத்தனர். கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பயிற்றுவித்துவந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், நிறமாலைநோக்கியைக் கொண்டு அவ்வொளியைப் பகுத்து ஆராய்ந்தார். காற்றிலுள்ள நீராவியே காரணம் எனக் கருதினார். ஆயின், ஆகஸ்டு இறுதியில் சுந்தா நீரிணையில் வெடித்த கிரகதோவா எரிமலையின் நுண்துகள்களே அம்மாற்றத்தை விளைத்தன என்பது பின்னர்ப் புலனாயிற்று. மாறியது ஞாயிறன்று, இடைநின்ற காற்றே.

ஸ்காட்லாந்தில் 1854ஆம் ஆண்டு பிறந்தவர் இவர். 1876–78இல் தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம், ஞாயிற்றின் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்புண்டோ என அறிஞரை எண்ணவைத்தது. பல இலட்சம் உயிர்களைப் பறித்த பஞ்சமாதலின், அது வெறும் ஏட்டு வினாவன்று. ஞாயிற்றை நாள்தோறும் நோக்கத்தக்க இடம் நாடி, மிச்சி ஸ்மித் பழனி, நீலகிரி மலைகளை ஆய்ந்தார். 1899இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1904 முதல் ஞாயிற்றின் ஒளிப்படங்கள் அங்குத் தொடர்ந்து எடுக்கப்பட்டன.

அம்மலையிலேயே மில்னே வகை நிலநடுக்கமானியும் இயங்கிற்று. விண்ணையும் மண்ணையும் ஒருங்கே நோக்கிய இடம் அது. சூரியச் சுடர்வெடிப்புகள் காந்த ஊசியை அசைக்கும். வானொலி அலைகளைக் குலைக்கும். நிலநடுக்கமோ பாறைத் தட்டுகளில் நெடுநாள் திரண்ட இறுக்கத்தால் நேர்வது. கதிரவன் அதனைத் தூண்டுமோ என இன்றும் ஆராய்கின்றனர். ஐயமற்ற சான்று இதுவரை கிட்டவில்லை.

1911இல் ஓய்வு பெற்ற மிச்சி ஸ்மித், மலையை விட்டு இறங்காமல் கொடைக்கானலிலேயே வாழ்ந்து 1922இல் மறைந்தார்.