தொண்டையிலிருந்து எடுத்த 2,374 பொருள்கள்: யார் இந்த செவாலியர் ஜாக்சன்?

தம்மம்பட்டி பக்கம் கடலை பறிக்கிற காலத்தில் வீட்டு வாசலெல்லாம் காய் காய்ந்துகொண்டிருக்கும். அஞ்சு வயசு அண்ணன் உரித்துத் தின்பான். தவழ்கிற தங்கச்சி, கீழே சிந்திய பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். கடலை சீசன் முடிந்தாலும் அண்ணனுடைய கோலி, பொம்மை கார் சக்கரம், லைட் எரியும் பொம்மைக்குள் இருக்கும் பட்டன் பேட்டரி எல்லாம் தரையில்தான் கிடக்கும். பெரியவர்களுக்குக் குப்பையாகத் தெரியும் இந்தச் சின்னச் சாமான்களோடு ஆயுள் முழுக்கப் போராடிய அமெரிக்க டாக்டர்தான் செவாலியர் ஜாக்சன்.

1865 நவம்பர் 4ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். மெலிந்த பையன். பள்ளியில் மற்ற பையன்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கக் குழியில் தள்ளிவிட்டே போய்விட்டார்கள். அவருக்கு ஆறுதலாக இருந்தது மரவேலை. உளியும் ரம்பமும் பிடித்துப் பழகிய கை அது. மருத்துவப் படிப்புச் செலவுக்குக் கண்ணாடியிலும் பீங்கானிலும் ஓவியம் தீட்டிச் சம்பாதித்தார். சாமி சிலை செதுக்கும் தம்மம்பட்டிக்காரர்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும்: இவருடைய வைத்தியம் பாதிக்கு மேல் கைத்தொழில்தான். இரண்டு கையாலும் ஒரே மாதிரி வேலை செய்வார்.

1886இல் பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் மூச்சுக்குழாய்க்குள் ஒரு பொருள் போய்விட்டால் பெரும்பாலும் நிமோனியா, பிறகு மரணம். 1897இல் ஜெர்மனியின் குஸ்டாவ் கில்லியன் ஒருவரின் மூச்சுக்குழாய்க் கிளையிலிருந்து எலும்புத் துண்டை வாய்வழியாகவே எடுத்துக் காட்டினார். ஜாக்சன் அந்தக் குழாயின் உள்முனையில் குட்டி விளக்கு பொருத்தினார். இருட்டில் துழாவிய வேலை, கண்ணால் பார்த்துச் செய்யும் வேலையானது.

அவர் வேலை செய்த விதம்தான் சுவாரசியம். குழந்தை எதை விழுங்கியதோ, அதே மாதிரி இன்னொன்றைக் கொண்டு வரச் சொல்வார். அதை ரப்பர் குழாய்க்குள் போட்டு எடுத்து எடுத்துப் பழகிய பிறகே குழந்தையைத் தொடுவார். திறந்த ஊக்கை அப்படியே இழுத்தால் தொண்டை கிழிந்துவிடும். அதனால் ஊக்கை உள்ளேயே மூடி எடுக்கத் தனிக் கருவிகளை உருவாக்கினார். மயக்க மருந்து இல்லாமலேயே பல குழந்தைகளுக்குச் செய்தார். பிழைத்தவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல்.

எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்க மாட்டார். காசாக இருந்தாலும் சரி, கேட்டாலும் கிடைக்காது! கொஞ்சம் பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் எந்த வயதில், எந்தப் பொருள், எங்கே சிக்கியது என்று ஒவ்வொன்றையும் பதிந்துவைத்தார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால், விழுங்குவது தலைவிதி அல்ல, பெரியவர்களின் கவனக்குறைவு என்று அவர் சொன்னதற்கு ஆதாரமே இருந்திருக்காது.

கடலையும் காஸ்டிக் சோடாவும்

அவர் அதிகம் அஞ்சியவற்றில் ஒன்று, நம்ம ஊர் நிலக்கடலை. பருப்பு எண்ணெய்ச் சத்துள்ளது. மூச்சுக்குழாயில் உட்கார்ந்தால் சுற்றியுள்ள சவ்வு வீங்கிச் சீழ் கட்டும். எக்ஸ்ரேயில் கடலையும் தெரியாது, பிளாஸ்டிக்கும் தெரியாது. முதலில் புரையேறும், இருமும், அப்புறம் அடங்கிவிடும். வீட்டில் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். சில நாள் கழித்து வீசிங், காய்ச்சல். வீசிங் எல்லாமே ஆஸ்துமா அல்ல என்று டாக்டர்களுக்கு அவர் ஓயாமல் சொன்னது இதனால்தான்.

இன்னொரு எதிரி, சோப்பு செய்யவும் அழுக்கு நீக்கவும் வீட்டில் வைத்திருந்த காஸ்டிக் காரம். சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் வாயில் போட்டு, உணவுக்குழாய் வெந்து சுருங்கிவிடும். தண்ணீர்கூட இறங்காத நிலையில் வந்த ஒரு சிறுமியின் அடைப்பை அவர் நீக்கினார். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்ததும், அவள் அவர் கையில் முத்தமிட்டாள்.

பழுதானதைச் சரிசெய்வதோடு அவர் நிற்கவில்லை. டப்பாவில் விஷம் என்றும், முறிவு மருந்து என்ன என்றும் அச்சிட வேண்டும் எனப் பல ஆண்டுகள் அரசியல்வாதிகளின் கதவைத் தட்டினார். நடுவில் காசநோயும் வந்து படுத்தியது. 1927இல் அதிபர் கால்வின் கூலிட்ஜ் காஸ்டிக் விஷச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

லேபிள் படிக்காத தங்கச்சி

அந்தக் காரம் இன்று வேறு வடிவத்தில் வீட்டுக்குள் வந்துவிட்டது. நாணயம் போன்ற லித்தியம் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், அதன் மின்சாரம் உடலின் ஈரத்திலிருந்தே காரத்தை உண்டாக்கும். இரண்டு மணி நேரத்தில் கடும் புண் ஏற்படலாம். தம்மம்பட்டியிலிருந்து சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தையும் இதில் கழிக்க வேண்டும். பேட்டரி காணோம் என்ற சந்தேகமே போதும், மலத்தில் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. மூன்று வயதுக்குள் உள்ளவர்களுக்கான பொம்மையில், 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதாக அடங்கும் துண்டு இருக்கக் கூடாது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே அகலம், அவ்வளவுதான். ஆனால் அண்ணனுக்கு வாங்கிய பொம்மை அண்ணன் வயதுக்குச் சரியானதுதான். தங்கச்சி பெட்டியில் எழுதியதைப் படிக்கிறதில்லை. அதனால் அண்ணனின் சின்னச் சாமான்களுக்கு மூடியுள்ள டப்பாவும், கைக்குழந்தைக்கு எட்டாத மேஜையும் தேவை. விளையாடி முடித்ததும் தரையைத் தேடுவது பெரியவர்கள் வேலை. அஞ்சு வயசுப் பிள்ளையைக் காவலுக்கு வைத்துவிட்டு அப்புறம் அவனைத் திட்டுவது நியாயமில்லை.

குழந்தை பலமாக இருமினால் இரும விடணும். அழுகைச் சத்தமே வரவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் உடனே 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு முதலுதவியைத் தொடங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ, முன்கையில் குப்புறப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. பிறகு மல்லாத்தி மார்பு நடுவில் 5 அழுத்து. இதையே மாற்றி மாற்றிச் செய்யலாம். வயிற்றை அழுத்தக் கூடாது. பொருள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும்.

ஜாக்சன் 1958 ஆகஸ்ட் 16ஆம் தேதி, 92 வயதில் இறந்தார். கடைசி வரை பென்சில்வேனியாவில் ஓடைக்கரையில் இருந்த பழைய மாவு மில்தான் வீடு. அங்கேயே மரப்பட்டறையும் வைத்திருந்தார். அவர் சேர்த்த 2,374 பொருள்கள் பிலடெல்பியாவின் மூட்டர் மியூசியத்தில் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. ஊக்குகள், பட்டன்கள், பொம்மை பைனாகுலர், வைத்திருந்தால் அதிர்ஷ்டம் என்று பொறித்த ஒரு பதக்கம். கொட்டைகள், விதைகளுக்கெனத் தனி இழுப்பறையும் உண்டு.