ரங்கூன் கப்பலில் வந்த குணசேகரன்

யாங்கூனின் கியாக்டடா பகுதியில், சூலே பகோடாவிலிருந்து தெற்கே நடந்தால் ஆற்றுத்துறை வரும். போர்க்காலத்தில் அந்த ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்து, சென்னையில் கைப்பொருளைப் பறிகொடுத்துத் தெருவில் நின்றவன்தான் 'பராசக்தி'யின் குணசேகரன். அகதியாய் வந்திறங்கிய எமக்கு அவன் வெறும் கதாபாத்திரம் அல்ல.

அவனாக நடித்த வி. சி. கணேசன் 1928இல் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டைவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் சீதை வேடம். பிறகு பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித்து. அங்கே தன் பாடத்தோடு மற்றவர் பாடத்தையும் மனப்பாடம் செய்தவனுக்கே வாய்ப்பு. அண்ணாவின் நாடகத்தில் சிவாஜியாக அவர் நடித்ததைப் பார்த்த பெரியார், அந்தப் பெயரையே சூட்டினார்.

'பராசக்தி' படப்பிடிப்பில் ஏ. வி. மெய்யப்பருக்கு அவர்மீது திருப்தி வரவில்லை. ஆளை மாற்றலாம் என்றார். படத்தின் கூட்டாளி பி. ஏ. பெருமாள் அசையவில்லை. 1952 தீபாவளிக்குப் படம் வெளியாகி வென்றது. 1960இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகக் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருதும் வந்தது. அதன் பிறகும் பொங்கல்தோறும் பெருமாள் வீட்டுக்குச் சென்று வணங்குவதை அவர் விடவில்லை. 2001இல் மறைந்தார்.

கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதை இப்படித்தான் பதிவோம்: மேடையில் உழைத்த வருடங்கள் அவருடைய முதல், பெருமாளின் நம்பிக்கை அவர் பட்ட கடன். நல்ல நடிகனுக்கு இரண்டும் வேண்டும். வேற்றுமொழிப் பள்ளி மேடையில் தயங்கி நிற்கும் எங்கள் பிள்ளைகள் உழைப்பார்கள். அவர்களை மாற்றச் சொல்லும்போது அசையாமல் நிற்க வேண்டியவர்கள் நாம்தான்.