பேராசிரியர் பாட்ரிக் கெடிஸ்

வீடு கட்டப் புகுவோன் அதனை எவ்வாறு அமைத்தல் வேண்டுமெனத் தானே எண்ணித் துணிகின்றான். அடுக்களை எத்திசையில், முற்றம் எவ்வளவு, கிணறு எங்கே என்று அவன் தாயும் மனைவியும் உடனிருந்து ஆராய்வர். அவ்வீடு நிற்கும் தெருவினை வகுப்போர் யாவர்? நெடுநல்வாடையில், நூல் வல்லார் கயிறிட்டுத் திசையறிந்து அரசனுக்கு மாளிகை வகுத்த செய்தியை வகுப்பிற் பயின்றபோது, அம்மாளிகையின் புறத்தே வாழ்ந்த எளியோரின் சந்துகளை வகுத்தவர் யாரென்னும் வினா என் உள்ளத்து எழுந்தது. யான் பிறந்த ஊரில், சாலையை அகலமாக்கும் பொருட்டு வீட்டுச் சுவர்கள்தோறும் செந்நிறக் குறியிட்டுச் சென்றதைச் சிறு பருவத்திற் கண்டதுண்டு. குறியிட வந்தவர் அளவுநாடா கொண்டு வந்தனர். வீட்டாரை ஒரு சொல்லும் வினவினாரில்லை. அவ்வாறு வினவாது ஊர் வகுத்தல் தகாது என்று நூறாண்டுகளுக்கு முன்னரே நம் தென்னாட்டு நகரங்களில் நின்று வாதாடிய பெரியார் ஒருவரின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

ஸ்காத்லாந்து நாட்டில் பாலட்டர் என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பாட்ரிக் கெடிஸ் பிறந்தார். தந்தையார் படையிற் பணிசெய்தவர். கெடிஸ் குழந்தையாயிருந்தபொழுதே குடும்பம் பெர்த் நகரை அடுத்த குன்றின் சரிவில் ஒரு சிறு வீட்டிற் குடியேறிற்று. தாபோர் மலை என்பது அவ்வீட்டின் பெயர். அங்கே தந்தையுடன் தோட்டத்திற் கொத்தியும் நட்டும் பெற்ற பயிற்சியே தம் கல்வியில் தலையாயது என்று பிற்காலத்தில் அவர் கருதினார். பெற்றோர் அவரைத் திருச்சபைப் பணிக்கு உரியராக்க விழைந்தனர். அவர் மனமோ செடிகொடிகளிற் படிந்திருந்தது. சின்னாள் வங்கி ஒன்றிற் கணக்கெழுதினார். எடின்பர்க் சர்வகலாசாலையில் தாவர நூல் பயிலச் சேர்ந்து, ஒரு வாரத்திற்குள் அதனை விட்டு நீங்கினார். இலண்டன் சென்று ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிர்நூல் கற்றார். பட்டம் ஒன்றும் பெறாமலே பேராசிரியரான இவரைத் தேர்வு நெருங்கும் காலத்தில் நம் நண்பர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறுதல் நன்றன்று!

1879ஆம் ஆண்டு ஆராய்ச்சியின் பொருட்டு மெக்ஸிகோ நாட்டிற்குச் சென்றவிடத்து அவர் கண்ணொளி மங்கிற்று. இருளறையிற் பல வாரங்கள் கிடந்தார். ஒருநாள் சாளரத்தின் கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டிருக்கையில், அக்கட்டங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு கருத்தை வைத்து, அவை ஒன்றோடொன்று இயையுமாற்றைச் சிந்திக்கலாமே என்று தோன்றிற்று. அதுமுதல் தாளை மடித்துக் கட்டங்களாக்கிச் சிந்தித்தல் அவர்க்கு வாழ்நாள் வழக்கமாயிற்று. கண்ணொளி திரும்பினும் நுண்ணோக்கியில் நெடுநேரம் ஆராய இயலாதாயிற்று. சிற்றுயிர்களை நோக்கிய கண் இனி மாந்தர் வாழும் ஊர்களை நோக்கலாயிற்று.

1886ஆம் ஆண்டு அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு இருவரும் செய்த செயல் உறவினரைத் திகைப்பித்தது. எடின்பர்க் நகரின் புதுப் பகுதியில் வசதியுள்ள இல்லத்தை விடுத்து, பழைய நகரில் ஜேம்ஸ் கோர்ட் என்னும் நெருக்கடி மிக்க அடுக்குவீட்டிற் குடிபுகுந்தனர். அப்பகுதி ஒருகாலத்தில் செல்வர் வாழ்ந்தது. அந்நாளிலோ அழுக்கும் நோயும் வறுமையும் குடிகொண்ட இடம். கெடிஸ் அண்டை வீட்டார்க்கு உபதேசம் செய்யவில்லை. தாமே துடைப்பம் எடுத்தார், சுவருக்கு வெள்ளையடித்தார், சாளரங்களிற் பூஞ்செடித் தொட்டி வைத்தார். அது கண்ட அயலாரும் ஒருவர்பின் ஒருவராய்க் கைகொடுத்தனர். மிகப் பழுதுற்ற கட்டடங்கள் மட்டும் நீக்கப்பட, எஞ்சியவை செப்பனிடப்பட்டன. காற்றும் வெயிலும் உட்புகுந்தன. பின்னாளில் அவருடைய குழுவினர் அப்பழைய நகரை அடியடியாக நடந்து அளந்து, குப்பைமேடாய்க் கிடந்த வெற்றிடங்கள் 75 உள எனவும், அவற்றின் பரப்பு 10 ஏக்கர் எனவும் கண்டனர். அவற்றுட் சில, அவர் மகள் நோராவின் முயற்சியால், சிறுவர் விளையாடும் தோட்டங்களாயின.

அவ்விடத்திலேயே 1887இல் மாணவர் விடுதி ஒன்றையும் நிறுவினார். அதற்குக் காவலர் இல்லை. விடுதி மாணவர் தம்மைத் தாமே ஆண்டுகொண்டனர். (இதனை நம் விடுதிக் காவலர் படித்தல் கூடும், ஆதலின் இதற்குமேல் எழுதேன்.) 1888 முதல் டண்டீ நகரக் கல்லூரியில் தாவர நூற் பேராசிரியராயினார். வேனிற்பருவத்தில் மட்டும் கற்பித்தால் போதும் என்பது ஏற்பாடு. ஏனைய திங்கள்களெல்லாம் ஊர்ப்பணிக்கு உரியவாயின.

1892இல் எடின்பர்க் கோட்டையை அடுத்த கோபுரம் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதன் உச்சியில் உள்ள இருட்டறையில், ஆடியும் வில்லையும் கொண்டு நகரம் முழுவதும் வெண்மேசையின்மேல் உயிரோவியமாய் விழும். அதனைக் கண்டபின் படியிறங்கினால், அடுத்த தளத்தில் எடின்பர்க், அதன்கீழ் ஸ்காத்லாந்து, அதன்கீழ் ஆங்கிலம் பேசும் நாடுகள், பின் ஐரோப்பா, ஈற்றில் உலகம் எனக் காட்சிகள் விரியும். தன் ஊரைக் கண்டறிந்தவனே உலகை அறியத் தக்கவன் என்பது அதன் உட்கிடை. ஊரைத் திருத்துமுன் ஊரை அறிதல் வேண்டும். அவ்வறிவும் வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று, ஊரார் அனைவர்க்கும் உரியது. இதற்கெனவே நகரங்களின் படங்களையும் வரைபடங்களையும் தொகுத்துக் காட்சிசாலை ஒன்று அமைத்து, ஊர்தோறும் கொண்டு சென்றார்.

சென்னை ஆளுநராயிருந்த பெண்ட்லண்ட் பிரபு அக்காட்சிசாலையுடன் அவரை இந்தியாவிற்கு அழைத்தார். 1914ஆம் ஆண்டு கெடிஸ் மூத்த மகன் அலஸ்டேருடன் புறப்பட்டு வந்தார். காட்சிப்பொருள்கள் கிளான் கிராண்ட் என்னும் மற்றொரு கப்பலில் வந்தன. சென்னையைக் குண்டெறிந்து நடுங்கச்செய்த எம்டன் கப்பலை நம் பாட்டன்மார் கதையாகக் கூறுவர். அதே எம்டன் அக்டோபரில் அக்கப்பலையும் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைத்துத் தொகுத்தவை யாவும் கடலுக்கு இரையாயின. தாய்நாட்டு நண்பர்கள் விரைந்து வேறு தொகுத்து விடுக்க, 1915ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைச் செனட் மண்டபத்திற் காட்சி திறக்கப்பட்டது.

அதன்பின் அவர் நம் மாகாணத்து ஊர்களைக் காணப் புறப்பட்டார். கண்ட முறைதான் புதியது. அலுவலகத்தில் அமர்ந்து வரைபடம் கேளாது, சந்துசந்தாய் நடந்தார்; நின்றார்; திண்ணையையும், முற்றத்தையும், துளசி மாடத்தையும் நோக்கினார். அந்நாளில் நகராட்சியாரிடையே வழங்கிய முறை யாதெனின், நெருக்கமான பகுதியின் குறுக்கே அளவுகோல் வைத்து நேர்க்கோடு கீறி, அக்கோட்டில் அகப்பட்ட வீடுகளையெல்லாம் இடித்துச் சாலை போடுதல். தஞ்சையில் அத்தகைய திட்டம் ஒன்றைக் கண்ட கெடிஸ் அதனை மறுத்தார். வீடிழந்த ஏழை எங்கே செல்வான்? அடுத்த சந்திற்கே செல்வான். அங்கே நெருக்கம் இருமடங்காகும். நோயும் உடன் செல்லும். நெருக்கத்தை நீக்குவதாகக் கூறி நெருக்கத்தை விளைப்பதே அச்சாலை என்று காட்டினார். அவர் காட்டிய மாற்று, நல்ல அறுவை மருத்துவனின் செயலை ஒத்தது: முதலில் நோயாளியை நன்கு ஆராய்தல், பின், கெட்டதை மட்டும் அறுத்து நல்லதைக் காத்தல். பாழ்பட்ட வீடு ஒன்றிரண்டை நீக்கினால் அவ்விடம் சிறு வெளியாகும். ஆங்கு ஒரு மரம் நடலாம். சந்து முட்டுமிடத்தில் சற்று அகலம் செய்யலாம். செலவும் குறைவு, குடிபெயர்வோரும் சிலரே. 1915இல் வெளிவந்த தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைப் பற்றிய அவரது அறிக்கையில் இம்முறை விளங்க உரைக்கப்பட்டுள்ளது. குளங்களைக் கொசுவிற்கு அஞ்சித் தூர்த்தலையும் அவர் ஒப்பவில்லை. மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை உண்ணுமென்றார். கோயிலை நடுவே கொண்டு தேர்வீதிகள் சூழ அமைந்த நம் நகரங்களை அவர் வியந்து போற்றினார்.

இந்தூர் நிகழ்ச்சி இன்னும் சுவையுடையது. ஹோல்கார் மன்னரின் அழைப்பை ஏற்று அங்கே சென்று, வழக்கம்போல் வரைபடத்துடன் தெருக்களில் திரிந்தார். மக்கள் அவரைக் கண்டு அஞ்சி ஒதுங்கினர். கொள்ளைநோயைக் கொண்டுவரும் கிழத்துரை இவரே என்று நம்பினர். கெடிஸ் சினக்கவில்லை. தீபாவளிக்குத் தம்மை ஒருநாள் அரசராக்குமாறு வேண்டி இசைவு பெற்றார். விழா ஊர்வலம் பழைய வழியே செல்லாதெனவும், எத்தெருக்களில் வீடுகள் மிகுதியாகத் துப்புரவு செய்யப்பட்டுச் செப்பனிடப்படுமோ அத்தெருக்களின் வழியே செல்லுமெனவும் அறிவித்தார். ஊரே எழுந்தது. வீட்டார் வெள்ளையடித்தனர், ஆறு வாரத்தில் குப்பை ஆறாயிரம் வண்டிக்குமேல் அகற்றப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. விழாவன்று யானையும் குதிரையும் முன்செல்ல, அழுக்கரக்கனின் பேருருவும் கொள்ளைநோய் எலியின் உருவும் பின்வந்தன. அவற்றை அடுத்து, புத்தாடையும் மாலையும் அணிந்து ஊரின் துப்புரவுத் தொழிலாளர் வந்தனர். அன்றுவரை எவரும் ஏறெடுத்துப் பாராத அவரை, அன்று ஊர் வாழ்த்தி வரவேற்றது. அதன்பின் இலக்குமியும், இந்தூர் நகரமே ஒரு தெய்வ வடிவாயும் வர, இரவில் அரக்கனும் எலியும் தீக்கிரையாயினர். மக்களுக்குத் துளசி நாற்றுக்கள் வழங்கப்பட்டன.

இங்கே யான் ஒன்று கூறாதிருத்தல் இயலாது. ஊராரின் கருத்தே தலையாயது என்ற இப்பெரியார் தம் எண்ணத்தை நிறைவேற்ற ஒருநாள் முடியணிய வேண்டியிருந்தது. மன்னரும் ஆளுநரும் அழைத்தன்றி அவர் எவ்வூர்க்கும் வந்தவரல்லர். மக்களை ஆர்வங்கொள்ளச் செய்தார் என்பதில் ஐயமில்லை. முடிவு செய்யும் உரிமை அவர்கையினின்றும் மக்கள் கைக்கு மாறிற்றா என்பது ஐயமே. ஏறத்தாழ ஐம்பது ஊர்களைப் பற்றி எழுதினார். அவற்றுட் பெரும்பகுதி தாளளவில் நின்றது. தாடிக்குள் முணுமுணுக்கும் அவர் பேச்சு பலர்க்குக் கேட்டிலது, எழுத்தும் எளிதன்று. இருப்பினும், இடிக்கப்பட இருந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து, அவ்வீட்டாரின் பக்கம் நின்று எழுதிய முதல் வல்லுநருள் அவர் ஒருவர்.

1917ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டாயிற்று. இந்தியாவிலிருந்து திரும்பிப் போரிற் சேர்ந்திருந்த அலஸ்டேர் ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டுப் போர்க்களத்தில் இறந்துபட்டான். அச்செய்தி எட்டியபோது அன்னா அம்மையார் நோயுற்றுக் கிடந்தார். கேட்டால் உயிர் தரியார் என அஞ்சிய கெடிஸ் அதனை மறைத்து, மகன் முன்பு எழுதிய கடிதங்களை எடுத்து அவர்க்குப் படித்துக் காட்டி வந்தார். அம்மையார் மகன் இறந்தமை அறியாமலே அவ்வாண்டு ஜூன் திங்களிற் கல்கத்தாவில் உயிர் நீத்தார். ஜேம்ஸ் கோர்ட்டில் உடன்நின்று துடைப்பம் பிடித்தவர் அவர்.

1919 முதல் 1924 வரை பம்பாய்ச் சர்வகலாசாலையிற் சமூகவியற் பேராசிரியராய் விளங்கினார். ஜகதீச சந்திர வசுவின் வரலாற்றை 1920இல் எழுதினார். 1925இல் டெல் அவிவ் நகர்க்குத் திட்டம் வகுத்தார். உடல்நலம் குன்றியதால் பிரான்ஸில் மான்ட்பெல்லியே நகரை அடுத்துக் குடியேறி, ஆங்கும் தோட்டத்திடையே ஒரு கல்லூரி கண்டார். 1932ஆம் ஆண்டு ஸர் பட்டம் பெற்று, அவ்வாண்டே ஏப்ரல் 17ஆம் நாள் அவ்விடத்திற் காலமானார்.

கிடைத்தற்கரியவாயிருந்த அவருடைய இந்திய அறிக்கைகளினின்றும் தெரிந்தெடுத்த பகுதிகளை ஜாக்குலின் டிர்விட் என்னும் அம்மையார் 1947இல் நூலாக வெளியிட்டார். கெடிஸின் கருத்துக்களில் மாணவப் பருவத்திலேயே ஈடுபட்ட ஜான் டர்னர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1957இல் தென்னமெரிக்காவின் பெரு நாட்டிற்குச் சென்று, நகர்ப்புறத்தே ஏழைகள் தம் கையாலேயே தமக்கு வீடு கட்டிக்கொள்ளும் முறையை அவர்களிடமிருந்தே கற்கலானார்.