சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர்

சென்னையினின்று வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி முதலிய ஊர்களைக் கடந்து நெல்லூரை அடைகின்றது. நெல்லூர் மாவட்டம் முன்னாளில் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாய் இருந்தது. அம்மாவட்டத்துப் புதூர் என்னும் சிற்றூரில் 1883ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஏகாம்ர சாஸ்திரியார் கோயிற் பூசனை புரிந்து வாழ்ந்தவர். கிருஷ்ணசாமி சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னர்ச் சட்டமும் கற்று, வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டார். கல்வியே அவருக்குத் துணையாயிற்று. 1929 முதல் 1944 வரை பதினைந்து ஆண்டுகள் சென்னை மாகாணத்தின் தலைமை அரசு வழக்கறிஞராக அவர் பணியாற்றினார்.

1946ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அரசியல் நிர்ணய சபை தில்லியில் கூடியது. அல்லாடியார் அச்சபையின் உறுப்பினரானார். 1947 ஆகஸ்டுத் திங்களில் டாக்டர் அம்பேத்கர் தலைமையில் எழுவர் அடங்கிய வரைவுக் குழு அமைந்தபோது, அவ்வெழுவருள் ஒருவராகவும் விளங்கினார். அவர்தம் சட்டப் புலமையை அம்பேத்கர் பெரிதும் மதித்துப் போற்றினார்.

அக்குழுவின் முன் நின்ற வினாக்களுள் தலையாயது, ஆட்சியதிகாரத்தை மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் எவ்வாறு பகிர்ந்தளிப்பது என்பதாகும். இவ்வினாவை அமெரிக்க மக்கள் முன்னரே எதிர்கொண்டனர். விடுதலை பெற்ற பதின்மூன்று மாநிலங்களும் முதலில் ஒரு தளர்ந்த கூட்டமைப்பையே ஏற்படுத்தின. அதன் பொது மன்றத்திற்கு வரி விதிக்கும் உரிமையும் இல்லை. ஆதலின் 1787ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் கூடிப் புதிய அரசியலமைப்பை வகுத்தனர். எனினும், மத்திய அரசுக்கென அளிக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கும் மக்களுக்குமே உரியவை என 1791ஆம் ஆண்டுத் திருத்தம் வரையறுத்தது.

இந்தியாவின் நிலை வேறு. பிரிவினையால் நாடு துயருற்றிருந்த காலம் அது. வலிமை வாய்ந்த மத்திய அரசு வேண்டுமென்போர் பக்கம் அல்லாடியார் நின்றார். மாநிலங்களின் உரிமை குன்றிவிடுமே என்று சிலர் அஞ்சினர். அதிகாரங்களை அரசியலமைப்பே பகுத்தளித்திருத்தலால் இது கூட்டாட்சியே என்று அவர் விளக்கினார்.

அப்பகுப்பு எத்தகையது? மீஞ்சூர் வட்டாரத்தைக் கொண்டே இதனை அறியலாம். இருப்புப்பாதையும் எண்ணூர்ப் பெருந்துறைமுகமும் மத்தியப் பட்டியலைச் சார்ந்தவை. நிலம், காவல், உள்ளாட்சி ஆகியன மாநிலப் பட்டியலில் உள்ளன. அனல்மின் நிலையங்கள் ஆக்கும் மின்சாரமும், காட்டுப்பள்ளி போன்ற ஏனைத் துறைமுகங்களும் இரண்டிற்கும் உரிய பொதுப்பட்டியலில் அடங்கும். எப்பட்டியலிலும் அடங்காத எஞ்சிய அதிகாரம் இங்கு மத்திய அரசுக்கு உரியது. அமெரிக்க முறைக்கு இது நேர்மாறாகும். இரு அரசுகளுக்கும் இடையே வழக்கெழுந்தால் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும். அந்நீதிமன்றத்தின் அமைப்பை ஆராய்ந்து அறிக்கை அளித்த குழுவிலும் அல்லாடியார் இடம்பெற்றிருந்தார்.

தனிமனித உரிமை பற்றியும் கடும் விவாதம் நிகழ்ந்தது. சட்டம் நியாயமானதா என நீதிபதிகளே ஆராயும் அமெரிக்க நெறியைச் சிலர் விரும்பினர். அல்லாடியார் அதன் மறுபக்கத்தை எடுத்துக்காட்டினார். அந்நெறியைக் கொண்டே அமெரிக்க உச்ச நீதிமன்றம், ரொட்டி சுடும் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேல் உழைத்தலாகாது என்ற நியூயார்க் மாநிலச் சட்டத்தை 1905ஆம் ஆண்டில் செல்லாதெனத் தள்ளியது. ஏழைகளைக் காக்கும் சட்டங்களுக்கு அத்தகைய தடை இங்கும் நேரலாகாது என்று அவர் கருதினார். அவர் ஆதரித்தவாறே, சட்டம் வகுத்த நடைமுறை போதும் என்று சபை முடிவு செய்தது. எனினும், எதிர்த்தரப்பினரின் அச்சமும் பொருளற்றதன்று. அந்நடைமுறை நேர்மையும் நியாயமும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று 1978ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு இருபதின்மரும் இல்லாத அந்நாளில், வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை அளித்தலை அல்லாடியார் மனமார ஆதரித்தார். பொதுமக்களின் நல்லறிவில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை அத்துணை உறுதியானது. 1950ஆம் ஆண்டு சனவரி 26ஆம் நாள் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. 1951-52இல் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலையும் கண்ட அவர், 1953ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அரசியலமைப்பு என்பது ஆள்வோரின் அதிகாரத்திற்கு எல்லை வகுப்பது. அவ்வெல்லையைக் காக்கும் பொறுப்போ மக்களுடையது. எந்த அதிகாரம் எவரிடம் உள்ளது என்று அறிந்த குடிமகனே உரியவரிடம் உரிமையைக் கேட்டுப் பெறுவான். அவ்வறிவைப் பெறுதலே அல்லாடியார் போன்ற சான்றோர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.