பெயர் கேட்ட சிறுவன்

ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். மாணவர் விடையளிக்கத் தவறிய வினாக்கள் பலவற்றை மறந்துவிட்டேன். நான் விடையளிக்கத் தவறிய வினா ஒன்று மட்டும் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை. அதனை முதலிற் சொல்லிவிட்டு, இவ்வாரம் சொல்லக் கருதிய பெரியார் ஒருவரின் வரலாற்றுக்குச் செல்லுதலே நேர்மையாகும்.

சத்திமுத்தப் புலவர் நாரையை விளித்துப் பாடிய பாட்டை ஒருநாள் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். வறுமையால் ஊர் நீங்கிய புலவர், பறந்து செல்லும் நாரையிடம் தம் மனைவிக்குச் செய்தி சொல்லிவிடும் பாட்டு அது. நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கூறிய நயத்தை விரித்துரைத்தபோது, பனை நாட்டுப் பிள்ளைகளாதலின் வகுப்பு முழுவதும் முகம் மலர்ந்தது. அவ்வேளை பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். தன் வீட்டுக்குப் பின்னேயுள்ள தரவையில் மாரி காலத்தில் வந்து நிற்கும் பறவை இந்த நாரைதானா, வேறொன்றா என்று கேட்டான். மாரி கழிந்ததும் அவை எங்கே போகின்றன என்றும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லும் துணிவும் வரவில்லை. சோதனைக்கு வராத வினா என்று கூறி அவனை இருக்கச் செய்தேன். அதன்பின் அவன் என்னிடம் எதனையும் கேட்டதில்லை.

சில ஆண்டுகள் கழித்துச் சாலிம் அலி என்னும் பறவையியல் அறிஞரின் வாழ்க்கையைப் படித்தேன். அவ்வாழ்க்கையும் பறவை ஒன்றின் பெயரை அறிய விரும்பிய சிறுவன் ஒருவனிடமே தொடங்குகின்றது. ஆனால் அவனது வினா போய்ச் சேர்ந்த இடம் வேறு.

சாலிம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் பம்பாயில், முஸ்லிம் குடும்பமொன்றிற் பிறந்தார். ஒரு வயதிலே தந்தையையும் மூன்று வயதிலே தாயையும் இழந்தார். பிள்ளைப்பேறில்லாத தாய்மாமனார் அமிருதீன் தயாப்ஜியும் அவர் மனைவியார் ஹமீதா பேகமும், உடன்பிறந்தாரோடு அவரையும் தம் பிள்ளைகளாகவே வளர்த்தனர். வேட்டை விருப்பம் மிக்க வீடு அது. சிறுவனுக்கு விளையாட்டுக் காற்றுத் துவக்கு ஒன்று கிடைத்தது. அவன் குறிபார்த்து வீழ்த்தியவை பெரும்பாலும் ஊர்க்குருவிகள். பத்து வயதளவில் ஒருநாள் அவன் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறக் கீற்றொன்று இருந்தது. இது வழக்கமான குருவியன்று என்று கண்ட சிறுவன், அதனை மாமனாரிடம் கொண்டுபோய் இஃது யாதென்று வினவினான்.

மாமனாருக்கும் தெரியவில்லை. ஆயினும் அவர் என்னைப்போலச் செய்தாரல்லர். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவர் இருக்கும் இடத்தை அவர் அறிந்திருந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளரான மில்லார்ட் என்னும் ஆங்கிலேயருக்குக் கடிதமொன்று எழுதிச் சிறுவன் கையிற் கொடுத்தனுப்பினார்.

அச் சங்கத்தின் வரலாறு அறியத்தக்கது. 1883 இல் எண்மர் கூடி அதனைத் தொடங்கினர். தத்தம் தொழிலைச் செய்துகொண்டே விலங்கையும் புள்ளையும் மரத்தையும் ஆராய்வதில் விருப்பங்கொண்டோர் ஒன்றுகூடிக் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதே அவர்கள் நோக்கம். பிப்சன் என்னும் மதுவணிகர் தம் வணிக நிலையத்திலேயே சங்கத்துக்கு இடங்கொடுத்தார். மாமனாரும் அதன் உறுப்பினரே. பின்னர் உலகறிந்த நிறுவனமாக வளர்ந்த அச் சங்கம், உள்ளூர் ஆர்வலர் சிலரின் கூட்டமாகவே தோன்றிற்று என்பதை இங்கே நினைவிற் கொள்ளவேண்டும்.

வெள்ளைத் துரையைக் காண அஞ்சியஞ்சிச் சென்ற சிறுவனை மில்லார்ட் அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று பெயர் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. பாடஞ்செய்து வைக்கப்பட்ட பறவைகள் நிறைந்த இழுப்பறைகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். நூல்களை இரவலாகக் கொடுத்தார். பறவையின் தோலுரித்துப் பாடஞ்செய்யும் முறையைப் பயிலவும் வழிசெய்தார். ஒரு பெயர் கேட்கப் போன பிள்ளை ஒரு கலையின் வாயிலைக் கண்டு திரும்பினான்.

அவ்வாயிலைக் கடந்து செல்லுதல் எளிதாக இருக்கவில்லை. கல்லூரிப் படிப்பு இடையில் நின்றது. பர்மாவிலுள்ள தவாய் என்னும் ஊரில் குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரவணிகத்தையும் பார்க்கச் சென்றவர், கணக்கேட்டைவிடக் காட்டையே மிகுதியாகப் பார்த்தார். 1917 இல் பம்பாய்க்கு மீண்டு, வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்றார். அவருடைய மனம் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்த பிளாற்றர் என்னும் பாதிரியாரின் தூண்டுதலால் விலங்கியலும் பயின்றார். 1918 இல் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு விண்ணப்பித்தபோது பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமை குறுக்கே நின்றது. 1926 இல் பம்பாய் நூதனசாலையில் இயற்கை வரலாற்றுப் பகுதிக்கு வருவோருக்கு விளக்கங் கூறும் பதவி கிடைத்தது. ஈராண்டில் அறிவுத் தாகம் மிக, விடுமுறை பெற்று யேர்மனிக்குச் சென்றார். பேர்லின் நூதனசாலையில் ஸ்ற்றேஸ்மன் என்னும் பேரறிஞர் அவரை மாணவராக ஏற்றுக்கொண்டார். சாலிம் அலி தம் குருவாகப் போற்றியது இவரையே. பறவையின் காலில் எண் பொறித்த வளையமிட்டு அதன் போக்குவரவை அறியும் முறையையும் அந்நாட்டிலே நேரிற் கண்டார்.

1930 இல் திரும்பியபோது, பணமில்லை என்று அப்பதவியே நீக்கப்பட்டிருந்தது. வேறொருவராயின் பறவைகளை மறந்து வணிகத்துக்கே மீண்டிருப்பர். சாலிம் அலியும் தெஹ்மினாவும் பம்பாய்க்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரிலுள்ள வீட்டுக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலையற்ற அறிஞர் மறைவிடம் அமைத்து அக்குருவிகளை நாள்தோறும் பார்த்திருந்தார். ஆண் குருவியே கூட்டை முடையும், கூடு பாதியளவு முற்றியபோது பெண் குருவி வந்து சோதிக்கும், பிடித்தாற் குடிபுகும், பெண் குடிபுகுந்தபின் ஆண் அக்கூட்டை நிறைவு செய்து, அடுத்த பெண்ணுக்காக வேறொரு கூட்டைத் தொடங்கும். நாம் பனையோலையில் தொங்கக் கண்டும் காணாது கடந்துபோகும் அக்கூட்டினுள் இத்துணைச் செய்தி இருந்தது. வேலையில்லாத காலமே அவருக்குப் புகழ் தந்த காலமாயிற்று.

அதன்பின் சமஸ்தானங்களின் பறவைகளை ஆராயும் பணியை மேற்கொண்டார். தமக்குச் சம்பளம் வேண்டா, பயணச் செலவு மாத்திரம் போதும் என்பதே அவர் விதித்த முறை. ஹைதராபாத்தும், பின்னர் திருவிதாங்கூரும் கொச்சியும் இவ்வாறு ஆராயப்பட்டன. காட்டுப் பாசறைகளில் தெஹ்மினா உடனிருந்தார். 1939 இல் சிறியதொரு சத்திரசிகிச்சையின் பின் அவ்வம்மையார் காலமானார். பிள்ளைகளில்லாத சாலிம் அலி மறுமணஞ் செய்யவில்லை. தமக்கையார் வீட்டில் ஓரறையில் இருந்துகொண்டு, எஞ்சிய நாற்பத்தெட்டு ஆண்டுகளையும் பறவைகளுக்கும் சங்கத்துக்குமே கொடுத்தார்.

1941 இல் அவருடைய இந்தியப் பறவைகள் என்னும் நூல் வெளிவந்தது. முற்றத்திற் காணும் பறவையை யாரும் படத்தோடு ஒப்பிட்டுப் பெயரறிய உதவிய நூல் அது. சிறையிலிருந்த நேரு அந்நூலைத் தம் மகள் இந்திராவுக்கு அனுப்பினார். பின்னர் அமெரிக்க அறிஞர் டிலன் ரிப்ளியோடு இணைந்து இந்திய, பாகிஸ்தானியப் பறவைகள் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். 1974 இல் அப்பெரும்பணி நிறைவெய்தியபோது அவருக்கு வயது எழுபத்தேழைக் கடந்திருந்தது.

நூலெழுதியதோடு நின்றிருந்தால் அவரை அறிஞர் என்று மாத்திரமே போற்றுவோம். பறவைகளின் பொருட்டு வழக்காடியவரும் அவரே. இராஜஸ்தானத்திலுள்ள பரத்பூர் நீர்நிலை மன்னரின் வேட்டைக்களமாக இருந்தது. 1938 நவம்பரில், வைசிராய் கலந்துகொண்ட வேட்டையொன்றில் ஒரே நாளில் 4,273 பறவைகள் கொல்லப்பட்டன. இந்தியா விடுதலை பெற்றபின் அந்நீர்நிலையை வற்றச்செய்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சாலிம் அலி நேருவிடம் முறையிட்டார். பரத்பூர் பிழைத்தது, 1956 இல் பறவைச் சரணாலயமாயிற்று, 1985 இல் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது. சங்கம் பணமின்றித் தளர்ந்தபோதும் அதற்காக நேருவிடம் கேட்டவர் அவரே. 1976 இல் தமக்குக் கிடைத்த கெற்றி பரிசின் பெருந்தொகையையும் சங்கத்தின் பணிக்கே கொடுத்தார். சிறுவயதிற் பெற்ற ஒரு பெயருக்கு அவர் செலுத்திய கைம்மாறு அது.

பெரியோர் வரலாற்றைக் குறை மறைத்துக் கூறுதல் நம்மவர் வழக்கம். அஃது அவர்க்குப் பெருமையன்று. சாலிம் அலி ஆராய்ச்சிக்காகப் பறவைகளைச் சுட்டவர். பறவையைக் கையில் வைத்து ஆராயாமல் அக்கலை வளராது என்று கருதியவர். பரத்பூரில் எருமைகள் மேய்வதைத் தடுக்கவேண்டும் என்று வாதாடியோருள்ளும் அவர் ஒருவர். 1982 இல் தடை வந்தது. மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊரவர் கிளர்ந்தெழ, பொலிசார் சுட்டதிற் பலர் உயிரிழந்தனர். எருமைகள் போனபின் நீர்நிலையைப் புல் மூடியது. பறவைகளுக்கே இடமில்லாது போயிற்று. மேய்ச்சல் அந்நீர்நிலைக்கு நன்மையே செய்து வந்தது என்பதை ஆய்ந்து வெளிப்படுத்தியது வேறு யாருமல்லர், சாலிம் அலி வளர்த்த அதே சங்கத்தாரே. தலைவரின் கருத்தையும் சோதித்து, பிழையாயின் பிழையென்று எழுதும் மாணாக்கரை உண்டாக்கியதை நான் அவருடைய பெருமைகளுள் ஒன்றாகவே எண்ணுகின்றேன். ஆயினும் மாண்ட ஊரவரை அப்பெருமை மீட்டுத் தராது. பறவையைக் காப்போர் அதனருகே வாழும் மக்களையும் எண்ணவேண்டும் என்னும் பாடத்தை நாமும் மறத்தலாகாது.

நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பாக்கு நீரிணையின் அக்கரையிலே, வேதாரணியத்துக்குத் தெற்கே கோடியக்கரை இருக்கின்றது. 1967 இல் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்தில் பம்பாய்ச் சங்கத்தார் ஆண்டாண்டாகப் பறவைகளைப் பிடித்து, எண்ணும் சங்கத்தின் பெயரும் பொறித்த மெல்லிய வளையங்களைக் காலிலிட்டுப் பறக்கவிட்டனர். வலசைப் பறவைகளின் வழியை இந்நிலப்பகுதியில் இவ்வாறு அறிய அடிகோலியவர் சாலிம் அலியே. மாரியில் கோடியக்கரையில் இறங்கும் பூநாரையும் உள்ளானும் மன்னார்க் கடலேரியிலும் நம் குடாநாட்டுத் தரவைகளிலும் இறங்குவனவே. அவற்றுக்குக் கடவுச்சீட்டு இல்லை.

சாலிம் அலி 1987 ஆம் ஆண்டு யூன் 20 ஆம் நாள் தமது தொண்ணூறாம் வயதிற் காலமானார். அதே ஆண்டிலே தான் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புத் தொடங்கிற்று. ஒவ்வோராண்டும் சனவரியில் ஆர்வலர்கள் ஊர்தோறும் நீர்நிலைகளுக்குச் சென்று பறவைகளை எண்ணிப் பதியும் பணி அது. இலங்கையிலும் 1943 முதல் பறவைக் கழகம் இருந்து வருகின்றது. கொழும்பு நூதனசாலையிற் பணிபுரிந்த ஹென்றி 1955 இல் இலங்கைப் பறவைகளுக்கு நல்லதொரு நூல் தந்தார். மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இடமும் உண்டு; நூலும் உண்டு; வினவும் பிள்ளைகளும் உண்டு. இவற்றை ஒன்று சேர்க்கும் கைகளே குறைவு.

பரத்பூருக்கு மாரிதோறும் வந்த சைபீரியக் கொக்கு 2002 க்குப் பின் அங்கே வரவில்லை. காத்த இடத்திலும் காலந் தாழ்த்தினால் இழப்பு நேரும் என்பதற்கு அது சான்று. பறவை மறுபடி வராமற் போகலாம். கேட்ட பிள்ளையும் மறுபடி கேளாமற் போகலாம்.

இப்போது என் மேசையில் பறவை நூலொன்றும் பழைய தொலைநோக்கி ஒன்றும் இருக்கின்றன. மாரி காலத்துச் சனிக்கிழமைகளில் மாணவர் சிலரோடு தரவைக்குப் போகின்றேன். அவர்கள் எண்ணுவதை நான் கொப்பியில் எழுதுகின்றேன். நாரைப் பாட்டைப் பாடஞ் சொல்லும் நாளில் நூலையும் விரித்து வைத்து, எந்தப் பறவை எதுவென்று சேர்ந்தே தேடுகின்றோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் கற்றுக்கொண்டேன். அன்று பின்வாங்கில் இருந்தவன் இன்று எந்த நாட்டில் இருக்கின்றானோ அறியேன். இக்கட்டுரை அவன் கண்ணிற் பட்டால், தரவையில் வந்து நிற்கும் அப்பறவைகளின் பெயர்களை அவனுக்கு எழுதியனுப்ப நான் ஆயத்தமாக இருக்கின்றேன்.