தீக்காயத்தை மூடும் கொலாஜன்: அதன் வடிவத்தைக் கண்டுபிடித்த ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் தீக்காயம் என்பது செய்தியில் மட்டும் படிக்கிற விஷயம் இல்லை. பட்டாசும் தீப்பெட்டியும்தான் இந்தப் பகுதியின் பிழைப்பு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படி ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு சிவகாசி அரசு மருத்துவமனைக்கும் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் ஆம்புலன்ஸ்கள் ஓடுகின்றன.

தீக்காய வார்டில் பயன்படும் பொருட்களில் ஒன்று கொலாஜன் தாள். மெல்லிசாக, பார்க்க ஈரக் காகிதம் மாதிரி இருக்கும். பெரும்பாலும் மாட்டிலிருந்து எடுக்கப்படும் புரதம் இது. சரி, மாட்டின் புரதத்தை மனிதனின் திறந்த காயத்தில் வைத்தால் உடம்பு சும்மா விடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், சென்னை கிண்டியில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் ஒருவரிடம் போய் நிற்போம். அவர்தான் ஜி.என்.ராமச்சந்திரன்.

பொறியியல் படிக்க வந்தவர்

1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டு, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இருந்த சர் சி.வி.ராமன் இவருடைய திறமையைப் பார்த்துத் தன் இயற்பியல் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1947 முதல் 1949 வரை ஆராய்ச்சி செய்து இரண்டாவது முனைவர் பட்டம் வாங்கினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் இயற்பியல் துறைக்குத் தலைவரைத் தேடியது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசாமி முதலியார், அவரே பேர்பெற்ற மகப்பேறு மருத்துவர், ராமனிடம் யோசனை கேட்டார். ராமன் சொன்ன பெயர் ராமச்சந்திரன். அப்போது அவருக்கு 29 வயதுதான்.

கங்காரு வால் தந்த விடை

புதிய ஆய்வகம், புதிய எக்ஸ்ரே கருவிகள். எதை ஆராய்வது? அந்த நாட்களில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நம் உடம்பில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொலாஜன்தான். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது அதுவே. அறுவை சிகிச்சையில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்ட, உடம்புக்குள் தானே கரையும் 'கேட்கட்' தையல் நூலும் விலங்குக் குடலிலிருந்து எடுத்த கொலாஜன்தான்.

இன்னொரு வசதியும் இருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் பதனிடுவது என்றாலே கொலாஜனோடு மல்லுக்கட்டுவதுதானே! ஆனா ஆராய்ச்சிக்கு நன்றாகக் கைகொடுத்தது கங்காருவின் வால் தசைநாண். அதில் இழைகள் நீளமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ரே படமும் தெளிவாக விழும்.

அந்தப் படங்களை வைத்து ராமச்சந்திரனும் அவருடைய சக ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் ஒரு வடிவத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 1955-ல் அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். அதாவது, கொலாஜன் ஒரு முப்புரிக் கயிறு. மூன்று இழைகள். ஒவ்வோர் இழையும் இடப்பக்கம் முறுக்கியிருக்கும். மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கியிருக்கும். கயிறு திரிப்பவர்களுக்கு இது புதுசில்லை. எதிரெதிராக முறுக்கினால்தான் பிரியாது.

மூன்று இழைகள் இவ்வளவு நெருக்கமாகச் சேர்வதால் நடுவில் இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின்தான் உட்கார முடியும். அந்த இடத்தில் வேறொன்று வந்துவிட்டால் கயிறு சரியாக முறுக்காது. சின்ன அடிக்கே எலும்பு முறியும் பிறவி நோய் பலருக்கு வருவது இப்படித்தான் என்பது பின்னாளில் தெரியவந்தது.

கேம்பிரிட்ஜிலிருந்து வந்த எதிர்ப்பு

1955-லேயே எதிர்ப்பும் வந்தது. எழுதியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டி.என்.ஏ வடிவத்தைக் கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக்கும், அவரோடு வேலை செய்த அலெக்சாண்டர் ரிச்சும். முப்புரி என்பதை அவர்கள் மறுக்கவில்லை. ஆனா சென்னை வடிவத்தில் சில அணுக்கள் இருக்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்றார்கள். இழைகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு ஒவ்வொரு மூன்று அமினோ அமிலத்துக்கும் இரண்டு என்பதையும் ஏற்கவில்லை, ஒன்றுதான் என்றார்கள்.

ராமச்சந்திரன் வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொண்டார். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளிவந்த படிக ஆய்வுகளிலிருந்து தூரங்களைத் திரட்டினார். அதை வைத்து, ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று மாணவர்கள் சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனோடு சேர்ந்து கணக்கிட்டார். 1963-ல் வெளியான அந்த வரைபடம்தான் 'ராமச்சந்திரன் பிளாட்'. இன்று எந்தப் புரதத்தின் வடிவத்தை வெளியிட்டாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதமும் அதில் அடக்கம்.

பிணைப்புச் சண்டை என்ன ஆச்சு? 1994-ல் கொலாஜன் போன்ற ஒரு துண்டின் துல்லியமான படிக வடிவம் வெளியானது. முப்புரி வடிவம் சரி. நேரடிப் பிணைப்பு எண்ணிக்கையில் ரிச்சும் கிரிக்கும் சொன்ன ஒன்றுதான் சரி.

மாட்டுக் கொலாஜனை உடம்பு ஏன் விரட்டுவதில்லை?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பீட்டர் மெடாவர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, கிளாஸ்கோவின் தீக்காய வார்டில் தோல் ஒட்டுகளை ஆராய்ந்தார். இன்னொருவரின் தோலை ஒட்டினால் முதலில் பிடித்த மாதிரி இருந்துவிட்டுப் பிறகு உதிர்கிறது. அதே ஆளின் தோலை மறுபடி ஒட்டினால் இன்னும் சீக்கிரம் உதிர்கிறது. அதாவது உடம்பு நினைவில் வைத்துத் தாக்குகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை அது. இந்த வழியில் தொடர்ந்த ஆய்வுக்காக மெடாவர் 1960-ல் நோபல் பெற்றார்.

அந்தத் தாக்குதலுக்கு முக்கிய இலக்கு, தோலில் உள்ள உயிருள்ள செல்கள். கொலாஜன் தாளைத் தயாரிக்கும்போது செல்களை நீக்கிச் சுத்தம் செய்துவிடுகிறார்கள். மிஞ்சுவது முப்புரி. மாட்டுக்கும் மனிதனுக்கும் அந்த முப்புரியின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெரும்பாலானோருக்குப் பெரிய எதிர்ப்பு வருவதில்லை, சிலருக்கு ஒவ்வாமை வரலாம். காயம் ஆற ஆற உடம்பு அதைக் கரைத்துத் தன் சொந்தக் கொலாஜனைப் போட்டுக்கொள்கிறது.

ராமச்சந்திரன் தீக்காய மருந்து எதையும் செய்யவில்லை.  சிகிச்சைக்கான கொலாஜன் பொருட்களை உருவாக்கியவர்களில், அவருடைய பக்கத்து வீடான தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் உண்டு. ஆனா கையில் இருக்கும் பொருள் எப்படிப்பட்டது, எந்தப் பக்குவத்தில் கெடும், எதில் தாங்கும் என்று புரிந்து வேலை செய்ய அந்த வடிவம் அடிப்படையானது.

இந்தத் தாளுக்கும் எல்லை உண்டு. மேலோட்டமான தீக்காயத்தில் வலியையும் ஈர இழப்பையும் குறைக்கும். தோலின் முழு ஆழமும் வெந்துபோனால் இது மட்டும் போதாது. நோயாளியின் தொடை போன்ற இடத்திலிருந்து அவருடைய தோலையே எடுத்து ஒட்ட வேண்டும். உடம்பில் பெரும்பகுதி வெந்தவருக்கு அப்படி எடுக்கவே தோல் மிஞ்சியிருக்காது. பட்டாசு விபத்துகளின் கொடுமை அதுதான்.

கடைசி ஆண்டுகள்

1971-ல் ராமச்சந்திரன் பெங்களூரு திரும்பி, மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். அதே ஆண்டு ஏ.வி.லட்சுமிநாராயணனோடு அவர் வெளியிட்ட கணக்கு முறை, சி.டி. ஸ்கேன் படங்களை வேகமாக உருவாக்க உதவியது. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய் வாட்டியது. 1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் இவரும் மறைந்தார். நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை. இவருடைய வரைபடத்தை உலகம் முழுக்க உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.